அஞ்சாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறது

வாயில் அடக்கும் புகையிலையைப் பழகிய பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 52 பேர், தங்கள் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே அதைத் தொட்டுவிட்டவர்கள். நாடு முழுக்க 987 பள்ளிகளில் 2019-ல் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு சொல்லும் எண் இது. 13 முதல் 15 வயதுக்குள் இருக்கும் மாணவ மாணவியர் சொன்ன பதில்கள் அவை. முதன்முதலில் எப்போது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன வயது, அவர்களை அஞ்சாம் வகுப்பு பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. பால்பல் இன்னும் விழுந்து முடியாத வயது.

‘பள்ளியில் போதை’ என்றதும் கஞ்சாப் பொட்டலம், ஊசி, போலீஸ் சோதனை என்று காட்சிகள் வரிசை கட்டி வரும். நாளிதழில் இடம் பிடிப்பதும் அவைதான். எத்தனை கிலோ பிடிபட்டது, எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று படிக்கிறோம். அந்தச் செய்திகள் பொய்யில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்காகப் பேசிய ஆசிரியர்கள், ஒரு பல் மருத்துவர், ஒரு மனநல ஆலோசகர், பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் எல்லோரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும், சுண்டுவிரல் கணு அளவே இருக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பையில்தான் வந்து நின்றார்கள்.

பையன்கள் அதைக் ‘கூல்’ என்கிறார்கள். உள்ளே அரைத்த புகையிலை, அதன் மேல் புதினா வாசனை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் போதும். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், புகை வராது, சட்டையில் நாற்றம் ஒட்டாது. ஒரு பாக்கெட்டை வாங்கி நான்கைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். அட்டையில் அரசு போடச் சொன்ன பெரிய எச்சரிக்கைப் படம் இருக்கிறது. பங்கு பிரித்துக் கைக்கு வரும் பையில் படமும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

தென்மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை சொன்னதை அப்படியே தருகிறேன். “சிகரெட்டுன்னா வாசனையிலயே கண்டுபிடிச்சிடுவோம் சார். இது எதுவும் தெரியாது. நான் போர்டுல எழுதிட்டு இருப்பேன், அவன் நோட்டுல எழுதிட்டு இருப்பான், வாய்ல அது இருக்கும். கேட்டா, சூயிங்கம் டீச்சர்னு சொல்லுவான். முன்னாடியெல்லாம் பெரிய கிளாஸ் பசங்கதான். இப்ப ஆறாவதுலயே பார்க்கிறேன்.”

அதே ஊரில் ஒன்பதாவது படிக்கும் பையனிடம் பேசினேன். கெட்டிக்காரப் பையன், கபடியில் பள்ளி அணிக்கு ஆடுகிறவன். போதைப் பழக்கம் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, “ரொம்பத் தப்புண்ணே. எங்க ஸ்கூல்ல உறுதிமொழி எல்லாம் எடுத்திருக்கோம்” என்றான். அப்படியானால் கூல்? “அது போதை இல்லண்ணே. போதைன்னா சரக்கு, கஞ்சா. இது சும்மா தூக்கம் வராம இருக்க வெச்சுக்கிறது. படிக்கிறப்பகூட வெச்சுக்குவோம்.”

அவன் பொய் சொல்லவில்லை. போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று எடுத்த உறுதிமொழியை மீறிவிட்டதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த நேர்மைதான். நாம் ‘போதைப்பொருள்’ என்று மேடையில் முழங்குகிற ஒவ்வொரு முறையும், அவன் மனத்தில் கஞ்சாவும் சாராயமும் வருகின்றன. அவன் உதட்டுக்கு அடியில் இருப்பது அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை.

மனக்கணக்கு மாறும்போது

பிள்ளைகள் ஒரு பொருளை எவ்வளவு ஆபத்தானது என்று நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதைத் தொடுவதும் விடுவதும் அமைகிறது. இதற்கு ஒரு நெடுங்காலச் சாட்சி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் மாணவர் கணக்கெடுப்பு. பள்ளி இறுதி வகுப்பினரிடம், ‘நீ பயன்படுத்தினாயா’ என்று கேட்பதோடு, ‘அதனால் எவ்வளவு கெடுதல் வரும் என்று நினைக்கிறாய்’ என்றும் கேட்பார்கள். 1978-ல், கஞ்சாவை வழக்கமாகப் புகைப்பது பெரிய ஆபத்து என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 35 பேர். மறு ஆண்டில், கடந்த ஓராண்டுக்குள் கஞ்சா புகைத்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். 1991-ல் ஆபத்து என்றவர்கள் 79 ஆக ஏறிவிட்டார்கள். 1992-ல் புகைத்தவர்கள் 22 ஆக இறங்கிவிட்டார்கள். அத்தனை ஆண்டுகளிலும், நினைத்தால் கஞ்சா எளிதாகக் கிடைக்கும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையவே இல்லை. சரக்கு கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. பிள்ளைகளின் மனக்கணக்குதான் மாறியது.

அதே கணக்கெடுப்பு பின்னாளில் இன்னொன்றையும் காட்டியது. நிகோடின் மின்சிகரெட்டை முந்தைய 30 நாளில் இழுத்த இறுதி வகுப்பு மாணவர்கள் 2017-ல் நூற்றுக்கு 11 பேர், 2018-ல் 21 பேர். எந்தப் பொருளும் அந்தக் கணக்கெடுப்பில் ஓராண்டில் அவ்வளவு தாவியதில்லை. சிகரெட்டை வெறுக்கக் கற்றிருந்த தலைமுறை அது. பழ வாசனையும் புதினா வாசனையும் வந்த அந்தக் குட்டிக் கருவியை அவர்கள் சிகரெட்டாகவே பார்க்கவில்லை. உள்ளே இருப்பது வெறும் வாசனைதான் என்று நினைத்தவர்களும் ஏராளம்.

இந்தியா 2019-ல் மின்சிகரெட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நல்ல காரியம். ஆனால் அங்கே பிள்ளைகளை மயக்கிய அதே மூன்று சங்கதிகள், அதாவது சின்ன உரு, குளுமையான வாசனை, காட்டிக்கொடுக்கும் நாற்றம் இல்லாமை, நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்கு ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டன.

நம் ஊரில் அதற்கு வழியும் தயாராக இருந்தது. சிகரெட் என்றால் கெட்ட பையன் என்ற பேச்சு வீட்டில் உண்டு. புகையிலைக்கு அந்தப் பேச்சு இல்லை. பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் இருந்தது. தாத்தாவுக்கு வாங்கிவரக் கடைக்கு ஓடியது பேரன்தான். பல்வலி என்றால் ‘ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கோ’ என்று வைத்தியம் சொன்ன வீடுகள் இன்றும் உண்டு. பற்பசை, பற்பொடிகளில் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 1992-ல் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு சாதாரணப் பொருளாக நம் வாய்க்குள் இருந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ‘வாயில் போடுவதெல்லாம் ஒரு தப்பா’ என்று ஒரு பையன் நினைக்கிறான் என்றால், அந்த நினைப்பை அவன் வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டான்.

பல் மருத்துவர் சொன்னது இன்னும் நெஞ்சை அடைக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் வரும் பிள்ளைகளின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தால், பை வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது, ஈறு கீழே இறங்கிப் பல்லின் வேர் தெரிகிறது என்கிறார். பாக்கு கலந்த மாவா, குட்கா பழகியவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகிப்போய், நாளடைவில் வாயைத் திறப்பதே பாடாகிவிடும். வாய்ப் புற்றுக்கு முந்தைய நிலைகளில் அதுவும் ஒன்று. “அம்மா கூட்டிட்டு வர்றது பல்சொத்தைக்கு. நான் பார்க்கிறது வேற” என்றார் அவர்.

நிகோடின் வாயின் மெல்லிய தோல் வழியே நேராக ரத்தத்தில் ஏறும். நிதானித்து முடிவெடுக்கிற முன்மூளைப் பகுதி முதிர்ந்து முடிய 25 வயதை ஒட்டிவிடும். அதுவரை மூளை எதையும் வேகமாகப் பழகிக்கொள்ளும். கணக்கையும் பழகும், நிகோடினையும் பழகும். பழகிய பிள்ளைக்கு அது கிடைக்காத நேரத்தில் எரிச்சல் வரும், கவனம் நிற்காது, பெஞ்சில் இருப்புக் கொள்ளாது. அப்போது ‘இவன் சரியான முரடன்’ என்று பெயர் வாங்குகிறான். ‘அதை வைத்துக்கொண்டால்தான் படிப்பு ஏறுகிறது’ என்று அந்தக் கபடிப் பையன் நம்புவதும் இதனால்தான். ஏக்கம் கிளப்பிய எரிச்சலை அதே பை தணிக்கிறது. தணிந்ததைக் கவனம் என்று நினைத்துக்கொள்கிறான்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள்

இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்கலாம். தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே போதைப் பழக்கத்தில் சிக்கிய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சந்தித்துக் கேட்ட ஆய்வு. எதை எந்த வயதில் தொட்டாய் என்ற கேள்விக்கு வந்த சராசரி இது: புகையிலை 12.3 வயது. பஞ்சர் சொல்யூஷன், வொயிட்னர் போன்று மூக்கால் உறிஞ்சுவது 12.4. கஞ்சா 13.4. மது 13.6. ஊசி 15.1. புகையிலையைத் தொட்ட எல்லாப் பிள்ளைகளும் ஊசி வரை போவதில்லை. பெரும்பாலோர் போவதே இல்லை. ஆனால் ஊசி வரை போன பிள்ளைகளின் கதையில் முதல் அத்தியாயம் அநேகமாகப் புகையிலையாகத்தான் இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் நடுவில் மூன்றே ஆண்டுகள். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை.

உறிஞ்சும் பழக்கத்தை நாம் கண்டுகொள்வதே இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த போதை இது ஒன்றுதான். 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பாட்டில் வொயிட்னருக்கு 2012-லேயே தடை வந்தது. சைக்கிள் கடை டியூபுக்கு யார் தடை போட முடியும்? முதல் முறை உறிஞ்சும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும் என்பது மருத்துவ உண்மை. பிள்ளைகளைக் கேட்டால் ‘வெறும் வாசனைதானே’ என்பார்கள்.

மாத்திரை விஷயத்திலும் இதே பேச்சுதான். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு அந்த இடத்துக்கு டபென்டடால் வந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை. தமிழ்நாட்டில் போதை மாத்திரை என்று செய்தி வரும் வழக்குகளில் அடிக்கடி அடிபடும் பெயர் அது. பிடிபடும் இளைஞர்கள் ‘டாக்டர் எழுதித் தர்ற மாத்திரைதானே, அதுல என்ன இருக்கு’ என்கிறார்களாம். மனநல ஆலோசகர் இதைச் சொன்னபோது, கூல் பையன் சொன்ன வாக்கியம் மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது. சும்மா கூல்தானே, வாசனைதானே, மாத்திரைதானே. இந்தத் ‘தானே’தான் என் பயம் எல்லாம்.

கஞ்சாவையும் ரசாயனப் போதைகளையும் முதலில் ஒடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தினம் பார்க்கும் வழக்குகள் அப்படி. ஆனால் அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ன் அந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் புகையிலை பழகிக்கொண்டிருந்த மாணவர்கள் நூற்றுக்கு 9.6 என்றால் மாணவிகள் 7.4. பெரிய இடைவெளி இல்லை. ஆனால் பை சோதனையாகட்டும், விழிப்புணர்வுக் கூட்டமாகட்டும், எல்லாம் பையன்களைக் குறிவைத்தே நடக்கிறது. மாணவி ஒருத்தி சிக்கினால் பள்ளியும் வீடும் சேர்ந்து அதை மூடி மறைத்துவிடும், பெயர் கெட்டுவிடும் என்று. மறைத்துவிட்டால் அவளுக்குச் சிகிச்சையும் கிடைக்காது. மூன்று அம்மாக்களிடம் பேசியதில் ஒருவர்கூடத் தன் மகளிடம் இது பற்றிக் கேட்டதில்லை. மகனிடம் கேட்டிருந்தார்கள்.

சட்டம் இருக்கிறது

சட்டத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் 2013 மே மாதம் முதல், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குட்கா, பான்மசாலா, மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் தடை, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தடை. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் தடை பிழைத்தது. இங்கே தடை செய்யப்பட்ட பொருள் வேறு மாநிலத்தில் தயாராகி லாரி ஏறி வந்துகொண்டே இருக்கிறது. 2024 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்கள் இந்த உதட்டுப் பைக்கு அடிமையாவதைக் குறிப்பிட்டு, நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டது. நீதிமன்றத்துக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் தெரியவில்லை.

கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 100 கெஜத்தைக் காட்ட ரோட்டில் மஞ்சள் கோடு போடச் சொல்லி வழிகாட்டுதலே இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. மருத்துவக் காரணமின்றி ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். அடுத்த பிரிவு, குழந்தையை வைத்து விற்கச் செய்பவர்களுக்கும் கடத்தச் செய்பவர்களுக்கும் அதே தண்டனை. கஞ்சாக்காரனுக்கு மட்டும் எழுதிய பிரிவுகள் என்று நினைக்க வேண்டாம். யூனிபார்மில் நிற்கும் பையனிடம் பாக்கெட்டை நீட்டுகிற கடைக்காரருக்கும் இதுதான்.

கடைக்காரர்களில் பலர் ஏழைகள். இதில் வரும் லாபம் டீயிலும் மிட்டாயிலும் வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு கடைக்காரர் சிகரெட்டைக் கேட்ட பையனை ‘போடா, அப்பாகிட்ட சொல்றேன்’ என்று விரட்டிவிட்டு, அதே பையனுக்கு உதட்டுப் பையை எடுத்துக் கொடுப்பாராம். ஆசிரியை சொன்ன இந்தத் தகவலை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் மனத்திலும் அது பட்டியலில் இல்லை.

டி.சி. என்ற தண்டனை

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கோபப்படும் இடம் இது. பிடிபட்ட பிள்ளையை என்ன செய்கிறோம்?

பெற்றோரைக் கூப்பிடுகிறோம். எல்லோர் எதிரிலும் பையைக் கொட்டுகிறோம். அப்பா அங்கேயே ஓர் அறை விடுகிறார். பிறகு, ‘மத்த பசங்க கெட்டுடுவாங்க, நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா நல்லது’ என்ற அந்த மென்மையான வாக்கியம். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் நீக்குவதில்லை, வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வடசென்னையில் வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர், தன் மகனுக்கு எட்டாவது பாதியில் இப்படி டி.சி. வாங்கியவர். “பேப்பர்ல கையெழுத்து போடுன்னாங்க, போட்டேன். வேற ஸ்கூல்ல கேட்டா, ஏன் நடுவுல வந்தீங்கன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது? ஆறு மாசம் வீட்ல இருந்தான். வீட்லன்னா, நான் வேலைக்குப் போயிடுவேன். தெருவுல இருந்தான். போகும்போது பாக்குதான் போட்டுட்டு இருந்தான்பா. தெருவுக்கு வந்துதான் மீதியெல்லாம்.” அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் என்பது அந்தப் பையனை ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வியாபாரியிடமிருந்து பிரித்து வைத்திருந்த ஒரே இடம். அந்தக் கதவைச் சாத்தியவர்கள் மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக உண்மையிலேயே நம்புகிறார்கள். தலைமையாசிரியர்களுக்கு இருக்கும் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. ஒரு பெற்றோர் வீடியோ எடுத்துப் போட்டால் பள்ளியின் பெயர் போய்விடும். எழுநூறு பிள்ளைகளுக்கு ஒரு மனநல ஆலோசகர்கூட இல்லாத பள்ளியில் அவர்தான் என்ன செய்வார்? ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நிகோடின் பழக்கம் ஒழுங்கீனம் என்று எழுதப்படுகிற வரை, எந்தப் பிள்ளையும் ஆசிரியரிடம் வந்து ‘டீச்சர், விட முடியல’ என்று சொல்லாது. விட முயன்று தோற்றவர்கள் இந்தப் பிள்ளைகளிலும் இருக்கிறார்கள். கபடிப் பையனும் ஒருமுறை முயன்றிருக்கிறான். பரீட்சை வந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

வெளியே அனுப்பாமல் வேறென்ன செய்யலாம்? ஐஸ்லாந்து என்ற குட்டித் தீவு நாடு இதே பள்ளத்தில் கிடந்தது. 1998-ல் அங்கே 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து நிலை தடுமாறியவர்கள். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 பேர். 2016-ல் முதல் எண் 5, இரண்டாவது எண் 3. சட்டமும் போட்டார்கள்தான். சிறுவர்கள் இரவில் இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று விதி உண்டு. அதோடு மாலை நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டரங்குகள் கட்டினார்கள், பயிற்சியாளர்களை வைத்தார்கள், இசையோ விளையாட்டோ கற்கக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பெற்றோர்கள் குழுவாகச் சேர்ந்து வார இறுதி இரவுகளில் தெருவில் நடந்தார்கள். மாணவர்களிடம் கணக்கெடுத்து, முடிவை அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் சூட்டோடு சூடாகக் கொடுத்தார்கள்.

நாலு லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத பணக்கார நாட்டை நம்மோடு ஒப்பிடலாமா என்பது நியாயமான கேள்விதான். பணம் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்றாவது அதில் இருக்கிறது. நம் பள்ளிகளில் கால அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அதைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார், பதினொன்றில் இயற்பியல் எடுத்துக்கொள்கிறது. பள்ளி முடிந்ததும் மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிடுகிறோம். நாலரை மணிக்கு வெளியே வருகிற பிள்ளைக்கு, அம்மா வேலையிலிருந்து வரும் ஏழரை மணி வரை போக்கிடம் என்று திறந்திருப்பது பெட்டிக்கடை வாசல் ஒன்றுதான். பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கிற அந்த மூன்று மணி நேரத்தில்தான் எட்டாம் வகுப்புப் பையன் பெரிய பையன்களோடு சேருகிறான், ஒரு பையைப் பங்கு போட்டுக்கொள்கிறான்.

கூலை விட்டுவிட்ட பையன் ஒருவனையும் பார்த்தேன். பதினொன்றாவது படிக்கிறான். எப்படி விட்டாய் என்றதற்குப் பெரிய கதை எதுவும் சொல்லவில்லை. உடற்கல்வி ஆசிரியர் கண்டுபிடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார், அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அவரே கூட்டிப் போயிருக்கிறார். “திட்டவே இல்லண்ணே. ரெண்டு தடவ மறுபடி வெச்சேன். ரெண்டு தடவயும் அவர்கிட்ட சொன்னேன். சரி, நாளைக்கு வான்னு சொன்னாரு.” மனநல மருத்துவத்தில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. அந்த ஆசிரியர் எதையும் படித்துவிட்டுச் செய்யவில்லை.

பெற்றோருக்கு: இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் ‘போதைப் பழக்கம் இருக்கா’ என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும், அதை அவன் மனமறிந்த பொய்யாகவும் சொல்லியிருக்க மாட்டான். ‘உங்க கிளாஸ்ல கூல் வெச்சுக்கிறாங்களாமே, அது என்னடா’ என்று கேளுங்கள். பேசவிடுங்கள். வெற்றிலை, பான், சிகரெட் வாங்க அவனைக் கடைக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். மகளிடமும் கேளுங்கள். ஈறு எரிகிறது, வாயில் வெள்ளையாக இருக்கிறது என்றால் பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அடிக்காமல்.

தலைமையாசிரியர்களுக்கு: இந்தக் கல்வியாண்டில் புகையிலைக்காகவோ மாத்திரைக்காகவோ ஒரு டி.சி.கூட எழுதாதீர்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. டி.சி. புத்தகத்தை எடுப்பதற்கு முன் இவற்றில் ஒன்றை அழையுங்கள்.